கை நுழையாத சம்ப்

1. மெத்தைக்குள் வந்த கடல்

காதர் ராவுத்தர் போனில் திட்டவில்லை. அதனால்தான் எனக்குப் பயம் வந்தது. கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில் மெத்தைக் கடை வைத்திருப்பவர் அவர். கடைக்குள் நின்று பேசினால் பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அன்றைக்கு மத்தியானம் மட்டும் மெதுவாகப் பேசினார்.

"சம்முகம், சாப்ட்டாச்சா?"

"ஆச்சுங்க."

"நல்லது. அப்பக் கெளம்பி வா. உன்ற கடலு என்ற மெத்தைக்குள்ள வந்து படுத்திருக்குது."

ஐந்து மாதத்துக்கு முன்னால் அவர் வீட்டு ஹாலில் நான் ஒரு ரீஃப் டேங்க் வைத்துக் கொடுத்திருந்தேன். நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். உள்ளே உப்புத் தண்ணீர், பாறை, மென்பவளங்கள், ஒரு ஜோடி க்ளௌன் மீன். அதுவரை தங்கமீன் தொட்டியும் கல்யாண மண்டப நீரூற்றும் செய்துகொண்டிருந்த நான் செய்த முதல் கடல் அது. என் ஊரான மீனாட்சிபுரத்திலிருந்து வண்டியில் போகிற வழியெல்லாம், கண்ணாடி விரிசல் விட்டிருக்கும், அது கண்ணாடிக்காரன் தப்பு, என் தப்பு இல்லை என்று மனதுக்குள் வாக்குமூலம் தயார் செய்துகொண்டே போனேன்.

போய்ப் பார்த்தால் டேங்க் முழுசாக நின்றது. தண்ணீர் மட்டம் கொஞ்சம் இறங்கியிருந்தது. மீன்கள் நீந்தின. ஹால் தரையில் அங்கங்கே ஈரம், அவ்வளவுதான். எனக்குப் போன உயிர் வந்தது. கூடவே வாயும் வந்தது.

"ஒண்ணும் பெருசா இல்லீங்களே. தொடச்சுட்டாப் போச்சுங்க."

ராவுத்தர் என்னைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப் போனார். ஒரு ஹாஸ்டல் ஆர்டருக்காகத் தைத்து முடித்த பஞ்சு மெத்தைகளை அங்கே அடுக்கி வைத்திருந்தார். கடையில் இடம் போதாமல் வீட்டுக்கு வந்தவை. அடியில் கிடந்த மெத்தையின் ஓரத்தில் காலை வைத்து லேசாக அழுத்தினார். மெத்தை என் பாதத்தின் மேல் உப்புத் தண்ணீரைத் துப்பியது.

"சாதாத் தண்ணின்னா வெயில்ல போட்டு எடுத்துருவேன். உப்பு ஏறுன பஞ்சு ஒணங்குமா? ஒணங்குனாலும் மேகம் கருத்தாத் திருப்பியும் ஈரமாகும். எவன் படுப்பான் இதுல?"

நான் குனிந்து ஈரம் எந்த வழியாக வந்தது என்று தேடுகிற மாதிரி பாவனை செய்தேன். தேடத் தேவையே இல்லை. எந்த வழியாக வந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்த வழியைப் போட்டுக் கொடுத்தவனே நான்தான்.

2. பால்காரன் கட்டிய சம்ப்

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். சம்ப் என்பது டேங்குக்கு அடியில், ஸ்டாண்டுக்குள் மறைந்திருக்கும் இன்னொரு தொட்டி. மேல் டேங்கில் விளிம்பு தாண்டுகிற தண்ணீர் குழாய் வழியாக அதற்குள் இறங்கும். அழுக்கை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மர் அங்கேதான் நிற்கும். ரிட்டர்ன் பம்ப் அங்கிருந்து தண்ணீரை மறுபடி மேலே ஏற்றும். வீட்டுக்கு வருகிறவர்கள் மேலே இருப்பதைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். நம் மானம் கீழே இருக்கிறது.

இந்தத் தொழிலுக்கு வருமுன் பதினோரு வருஷம் நான் ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தில் ஃபிட்டர். பம்ப், பைப், வால்வ் எல்லாம் அங்கே கற்றது. இரண்டு கெட்ட பழக்கங்களும் அங்கே கற்றவைதான்.

முதல் பழக்கம், கழுத்துவரை நிரப்புவது. பால் கேனைக் குறையாக நிரப்பினால் ஜீப்பில் போகும்போது பால் குலுங்கி வெண்ணெய் திரளும். டெஸ்ட்டில் கொழுப்பு குறையும். கறவைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். நிறைகுடம் தளும்பாது என்பது எங்களுக்குப் பழமொழி இல்லை, டியூட்டி ஆர்டர். பாத்திரத்தில் காலி இடம் கண்டால் இன்றைக்கும் எனக்குக் கை அரிக்கும்.

இரண்டாவது பழக்கம், கழற்றாமல் கழுவுவது. பால் பிளான்ட்டில் பெரிய சாமான் எதையும் வெளியே எடுத்துக் கழுவுவதில்லை. காஸ்டிக் சோடாத் தண்ணீரையும் வெந்நீரையும் உள்ளேயே ஓடவிட்டால் வேலை முடிந்தது. குழாய்க்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு ஆளின் கை நுழையுமா என்று நான் பதினோரு வருஷத்தில் ஒருநாளும் யோசித்ததில்லை.

இந்த இரண்டு ஞானத்தையும் எடுத்துக்கொண்டு ராவுத்தர் வீட்டுக்குப் போனேன். மேல் டேங்கில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் சம்ப் போதும் என்று தொழில் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அது எனக்குக் கஞ்சத்தனமாகப் பட்டது. ஸ்டாண்டின் உள்நீளம் நாற்பத்தி நான்கு இஞ்சு என்றால் எதற்கு வீணாக விடுவது? நாற்பத்திரண்டு இஞ்சு நீளம், பதினெட்டு அகலம், இருபது உயரம் என்று ஒட்டினேன். ஒட்டி முடித்த பிறகுதான் அது ஸ்டாண்டின் கதவு வழியாக நுழையாது என்று தெரிந்தது. அதற்கெல்லாம் அசருகிற ஆளா நான்? சம்ப்பைத் தரையில் வைத்து, அதன்மேல் ஈரச் சாக்கைப் போர்த்தி, அதைச் சுற்றி ஸ்டாண்டை வெல்டிங் செய்தேன். இனி யாரும் இதைக் கழற்ற முடியாது என்று ராவுத்தரிடம் பெருமையாகச் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது.

பிறகு தண்ணீர். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே சம்ப்பை விளிம்புக்கு ஒரு இஞ்சு கீழேவரை நிரப்பினேன். ஸ்கிம்மர் எட்டு இஞ்சு ஆழத்தில் நிற்க வேண்டிய சாமான். என் சம்ப்பில் பத்தொன்பது இஞ்சு தண்ணீர். அதனால் கண்ணாடியில் ஒரு மேடை செய்து ஸ்கிம்மரைத் தூக்கி நிறுத்தினேன். அதன் தலைக்கும் ஸ்டாண்டின் கூரைக்கும் நடுவில் இரண்டு விரல்கடை மிஞ்சியது. அழுக்கு சேர்கிற கப் அந்தத் தலையில்தான் இருக்கிறது, அதைக் கழற்ற வேண்டுமானால் மேலே தூக்க வேண்டும் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. மூளைக்கு எட்டவில்லை.

தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லருக்கு இடமே இல்லை. எங்கள் வெயிலுக்குச் சில்லர் இல்லாமல் பவளம் ஒரு கோடையும் தாங்காது. யோசித்து, பக்கத்து அறையில் சில்லரை வைத்தேன். ஹோஸ் போவதற்காகச் சுவரில் தரையை ஒட்டி ஒரு ஓட்டை போட்டேன். கச்சிதமான வட்ட ஓட்டை, பார்க்கவே அழகாக இருக்கும். மெத்தைகள் அந்த அறைக்கு வந்தது பிற்பாடுதான். ப்ளக் போர்டை மட்டும் உயரத்தில் மாட்டியிருந்தேன். அது புத்திசாலித்தனம் இல்லை. கீழே எங்கும் இடம் மிச்சமில்லை.

ஓடவிட்ட அன்றைக்கே ராவுத்தர் கேட்டார்.

"கரண்ட் போனா என்னாகும்?"

"நான்-ரிட்டர்ன் வால்வு போட்டிருக்குதுங்க. நம்ம போர்வெல்லுல போடறதேதானுங்க. ஏறுன தண்ணி எறங்காது."

சுவிட்சை அணைத்துக் காட்டினேன். மேலிருந்து கொஞ்சம் தண்ணீர் இறங்கி, சம்ப்பின் விளிம்புக்கு ஒரு நூல் கீழே வந்து நின்றது. ராவுத்தரின் மனைவி நூர்ஜஹான் அக்கா குனிந்து பார்த்தார்.

"இவ்வளவு கிட்டத்துல வந்து நிக்குதே?"

"அதுதானுங்க்கா கணக்கு."

ஐந்து மாதம் அந்தக் கணக்கு நின்றது. ராவுத்தர் போன் செய்த அன்றைக்குக் கோடைமழைக் காற்றில் தென்னை மட்டை விழுந்து லைன் அறுந்தது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு யாரும் தண்ணீர் ஊற்றாததால் அது ஐந்து நிமிஷம் முனகிவிட்டு நின்றது. வால்வின் நாக்குக்கு இடையில் மிளகு அளவு நத்தை ஒன்று போய் உட்கார்ந்திருந்தது. பம்ப் நின்றதும் மேலே இரண்டரை இஞ்சு முங்கியிருந்த ரிட்டர்ன் குழாய் வாய் தண்ணீரைத் திருப்பி உறிஞ்சி இறக்க ஆரம்பித்தது. அந்த டேங்கில் ஒரு இஞ்சு தண்ணீர் என்றால் பத்தொன்பது லிட்டர். இரண்டரை இஞ்சு இறங்கியிருந்தது. என் சம்ப்பில் காலியாக இருந்தது பன்னிரண்டு லிட்டருக்கு இடம். மிச்சம் அந்த அழகான ஓட்டை வழியாகப் போனது.

3. கெடு

"ஞாயித்துக்கெழமைக்கு மேல இது இந்த ஊட்டுல இருக்கக் கூடாது" என்றார் ராவுத்தர். "மீனை எங்க வேணாக் கொண்டு போ. கல்லை எங்க வேணாக் கொண்டு போ."

"அது கல்லு இல்ல. பவளம்" என்றார் வாசற்படியில் நின்றிருந்த அக்கா.

"எதா இருந்தாலும் சரி."

"ஞாயித்துக்கெழமை வரைக்கும் டயம் குடுத்திருக்கீங்கல்ல? அதுக்குள்ள சம்முகம் சரி பண்ணிட்டா?"

"சரியாச்சுன்னு நான் எப்படி நம்பறது? இவன் அன்னைக்கே கணக்குன்னான்."

 அக்கா கணவரிடம் நிதானமாகச் சொன்னார்.

"உங்க கையாலயே மெயின அணைங்க. எத்தன வாட்டி வேணா அணைங்க. ஒரு சொட்டு தரைக்கு வந்தா நானே எடுத்துட்டுப் போகச் சொல்லீர்றேன். அதுக்கப்புறம் பேச மாட்டேன்."

ராவுத்தர் சரி என்று தலையை ஆட்டிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். அன்று புதன்கிழமை. நனைந்த இரண்டு மெத்தைகளையும் நானே ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எங்கள் வீட்டில் மழை வரப்போவது இப்போது முதலில் அந்த மெத்தைகளுக்குத்தான் தெரிகிறது.  மேகம் கருக்கும்போது என் மனைவி என்னை ஒரு பார்வை பார்ப்பாள்.

4. தையலுக்கு விடுகிற இஞ்சு

வியாழக்கிழமை காலை டேப்போடு போனேன். எனக்குள் ஒரு திட்டம் இருந்தது. நான்-ரிட்டர்ன் வால்வ் ஒன்றுக்கு இரண்டாகப் போடலாம், இன்வெர்ட்டரை மாற்றலாம், ஓட்டையைச் சிலிக்கானால் அடைக்கலாம். சம்ப்பைத் தொடுகிற எண்ணம் எனக்கு இல்லவே இல்லை. பெற்ற பிள்ளையை யார் குறை சொல்வார்கள்?

அக்கா எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு ஒரு குட்டை ஸ்டூலை இழுத்துப் போட்டு, சம்ப் கதவைத் திறந்து, அதன் முன்னால் உட்கார்ந்தார்.

"இந்த அழுக்குக் கப்பை எடு பாப்போம்."

மூன்று நாளைக்கு ஒருதரம் அதை நான்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். பின்பக்கத் தகட்டைக் கழற்றி, தரையில் மல்லாக்கப் படுத்து, காற்றுக் குழாயைப் பிடுங்கி, ஸ்கிம்மரையே சாய்த்து, கப்பை உருவ வேண்டும். உருவும்போது அழுகிய முட்டை நாற்றத்தில் கரும்பச்சைத் தண்ணீர் என் சட்டையில் கொட்டும். அதற்காகவே ஒரு சட்டை தனியாக வைத்திருந்தேன். அக்கா முதல் வாரமே, "சொல்லிக் குடு, நானே செய்யறேன்" என்று கேட்டார். "இது டெக்னிக்கல் வேலைங்க்கா" என்று சொல்லிவிட்டேன். கப் வெளியே வராத வெட்கத்துக்கு நான் வைத்த பெயர் டெக்னிக்கல்.

அன்றும் படுத்தேன், சாய்த்தேன், உருவினேன், சட்டையை நனைத்தேன். அக்கா சிரிக்கவில்லை.

"எம் பையனப் பாக்க துபாய் போனப்ப ஒரு கடைல இந்த மாதிரித் தொட்டி பாத்தேன். எல்லாரும் மீனப் பாத்தாங்க. கீழ கதவத் திறந்து வெச்சு ஒருத்தன் கழுவிக்கிட்டிருந்தான், நான் அவனத்தான் பாத்தேன். எத்தன சாமான், எத்தன வேலை. முப்பது வருஷம் மெத்தை உறை தெச்சவ நான். இந்த வலது தோளு இப்ப மேல ஏறமாட்டேங்குது, மிஷின்ல உக்கார முடியல. சும்மா உக்காரவும் எனக்குத் தெரியல. உக்காந்த எடத்துல செய்யறதுக்கு ஒரு வேலை வேணும்னுதான் இவர்கிட்ட இதக் கேட்டேன். நீ என்ன பண்ணுன? என்னப் பாக்கறதுக்கு மட்டும் உக்கார வெச்சுட்ட."

 ஐந்து மாதமாக வாரம் இரண்டு தடவை அந்த வீட்டுக்குப் போய் வருகிறேன். டேங்க் யாருக்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை. ராவுத்தர் ஆர்டர் கொடுத்தார், அளவு ஹாலுக்கு எடுத்தேன். உண்மையாகவே வெட்கமாக இருந்தது. நாறுகிற சட்டையோடு வெட்கப்படுவது இன்னும் கஷ்டம்.

அக்கா எழுந்து போய்த் தன் தையல் டேப்பை எடுத்து வந்தார்.

"உறை வெட்டறப்ப மெத்தை அளவுக்கே வெட்டுனா உறை ஏறாது. தையலுக்கு ஒரு இஞ்சு விடோணும். அது எல்லாருக்கும் தெரியும். மெத்தையத் திணிக்கறவன் கைக்கு ஒரு இஞ்சு விடோணும். அது தெச்சவளுக்குத்தான் தெரியும். உன்ற ஸ்டாண்டுல கைக்கு எங்க விட்டிருக்க?"

நான் என் நாற்பத்திரண்டு இஞ்சு சம்ப்பைப் பார்த்தேன். ஸ்டாண்டுக்குள் கண்ணாடி இருந்தது, தண்ணீர் இருந்தது, என் பெருமை இருந்தது. கைக்கு எங்கேயும் விடவில்லை.

5. அட்டைப்பெட்டிக் கடல்

மெத்தைக்கார வீட்டில் அட்டைக்குப் பஞ்சமில்லை. தலையணை வந்த பெட்டிகளை அக்கா கொண்டுவந்து போட்டார். ஹால் தரையில் சாக்பீஸால் ஸ்டாண்டின் உள்ளளவைக் கோடு போட்டேன், நாற்பத்தி நான்குக்கு இருபது. கதவு திறக்கிற முப்பது இஞ்சையும் குறித்தேன். பிறகு ஒவ்வொரு சாமானுக்கும் அதே அளவில் ஒரு அட்டைப்பெட்டி வெட்டினோம். ஸ்கிம்மருக்கு ஒன்று, ரிட்டர்ன் பம்புக்கு ஒன்று, அழுக்கு பிடிக்கும் துணிப்பைக்கு ஒன்று, ஆவியான அளவுக்கு ஊற்றுகிற ஆர்.ஓ. தண்ணீர் கேனுக்கு ஒன்று.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் எடுத்து வெளியே வைத்துப் பார்த்தார். இடது கையால் பிடித்து, வலது கையால் தாங்கினார். ஸ்கிம்மர் அட்டையைத் தூக்கும்போது நெஞ்சுக்கு மேலே கை போகவில்லை.

"இதுக்கு மேல ஏறாது. இங்கயே நிறுத்திக்க."

"அப்ப ஸ்கிம்மர் மேடை வேண்டாமுங்க. அடில வெச்சுரலாம். தண்ணிய எட்டு இஞ்சுல நிறுத்தீர்லாம்."

"பாதிச் சம்ப்பு காலியா இருக்குமே. உனக்குத் தூக்கம் வருமா?"

"பழகிக்கறேனுங்க."

துணிப்பை அட்டை இரண்டு தடவை இடம் மாறியது. பம்ப் அட்டை மூலைக்குப் போனது, பிறகு கதவுப் பக்கம் வந்தது. கேன் சம்ப்பை விட்டு வெளியே, பக்கத்தில் நின்றது. மத்தியானத்துக்குள் சாக்பீஸ் கோட்டுக்குள் ஒரு சம்ப் உருவாகியிருந்தது. நீளம் இருபத்தெட்டு, அகலம் பதினெட்டு, உயரம் பதினாறு. நூற்று முப்பது லிட்டர் கொள்ளும். மேல் டேங்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. தொழில் தெரிந்தவர்கள் முதலிலேயே சொன்ன அதே அளவு. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து மாதமும் இரண்டு மெத்தையும் ஆகியிருந்தன.

கரண்ட் போனால் மேலிருந்து எவ்வளவு இறங்கும் என்ற கணக்கையும் இந்தத் தடவை வால்வை நம்பாமல் போட்டேன். ரிட்டர்ன் குழாயின் வாயைத் தண்ணீர் மட்டத்துக்கு அரை இஞ்சு கீழேவரை ஏற்றி, அதன் முதுகில் ஒரு சின்ன ஓட்டை போட்டேன். மட்டம் கொஞ்சம் இறங்கியதும் ஓட்டை வழியாகக் காற்று புகும், உறிஞ்சுவது நின்றுவிடும். இறங்கப் போவது இருபத்தைந்து லிட்டர். சம்ப்பில் காலி இடம் அறுபதுக்கு மேல். நான்-ரிட்டர்ன் வால்வைக் கழற்றி எறிந்துவிட்டேன். இருந்தால் மறுபடி அதை நம்பத் தோன்றும்.

6. பிள்ளையை வெட்டியது

புதுச் சம்ப் ஒட்டிக் காய வெள்ளியும் சனியும் ஆயின. சிலிக்கானுக்கு இன்னும் நாள் கொடுக்க வேண்டும்தான். கெடு இருந்ததால் வெளிப்புறம் ஒரு வரி கூடுதலாக இழுத்து, சனி இரவே தண்ணீர் ஊற்றி ஒழுகவில்லை என்று பார்த்துக்கொண்டேன். இதை நீங்கள் செய்யாதீர்கள்.

ஞாயிறு காலை பழைய சம்ப்பை வெளியே எடுக்க வேண்டும். ஸ்டாண்டை அறுக்க முடியாது, மேலே அரை டன் நிற்கிறது. சம்ப்பும் கதவு வழியாக வராது. ஒரே வழிதான் இருந்தது. தண்ணீரை வாளிகளில் எடுத்துவிட்டு, ஸ்டாண்டுக்குள் பாதி உடம்பை நுழைத்து, பிளேடால் சிலிக்கானை அறுத்து, நான் ஒட்டிய கண்ணாடிகளை நானே ஒவ்வொன்றாகப் பிரித்தேன். நன்றாக ஒட்டியிருந்தேன். அன்றைக்கு என் வேலைத்திறமையை என்னைவிட அதிகமாகச் சபித்தவர் யாருமில்லை.

நான் உள்ளே கிடந்த அந்த ஐந்து மணி நேரமும் மேல் டேங்குக்குச் சம்ப் இல்லை, சில்லர் இல்லை. உள்ளே இருந்த இரண்டு வேவ்மேக்கர் தண்ணீரைச் சுழற்றிக்கொண்டிருந்தன. அக்கா டேபிள் ஃபேனைத் தண்ணீர்மேல் காற்றுப் படும்படி வைத்தார். தெர்மாமீட்டரைப் பார்த்து எனக்குச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"இருபத்தெட்டு."

"சரிங்க்கா."

"இருபத்தெட்டரை. தோல் பவளம் சுருங்குது சம்முகம்."

"ஐஸ் பாட்டில் ஒண்ணு மெதக்க விடுங்க."

"விட்டாச்சு. நீ பேசாம அறு."

மத்தியானம் இரண்டு மணிக்குக் கடைசிக் கண்ணாடி வெளியே வந்தது. புதுச் சம்ப் கதவு வழியாக நேராக உள்ளே போனது. ஒரு சம்ப் இவ்வளவு சுலபமாக உள்ளே போகும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. குழாய்களைப் பூட்டி, எட்டு இஞ்சுவரை தண்ணீர் விட்டு, பம்ப்பைப் போட்டேன். பாதித் தொட்டி காலியாக நின்றது. கை அரித்தது. கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன்.

7. மெயின் சுவிட்ச்

ராவுத்தர் சாயங்காலம் அசர் தொழுதுவிட்டு வந்தார். தரையை ஒட்டிய சில்லர் ஹோஸ் ஓட்டையை நான் அடைத்துவிட்டு, சுவரில் உயரமாக வேறு போட்டிருப்பதைப் பார்த்தார். நேராகப் போய் மெயினை அணைத்தார். இன்வெர்ட்டர் முனகத் தொடங்கியதும் அதையும் அணைத்தார்.

வீடு அமைதியானது. மேலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது. சம்ப்பில் மட்டம் ஏறியது. ஒரு இஞ்சு. அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையை இறுக்கிப் பிடித்திருந்தார். இரண்டு இஞ்சு. நான் கணக்குப் போட்டவன், ஆனாலும் டேப்பை எடுத்து மட்டத்தை அளந்தேன். மூன்று. மேலே ரிட்டர்ன் குழாய் ஓட்டை க்ளுக் என்று காற்றை இழுத்தது. சத்தம் நின்றது. மட்டம் நின்றது. விளிம்புக்கு இன்னும் ஐந்து இஞ்சு இருந்தது.

ராவுத்தர் திரும்பப் போட்டார். தண்ணீர் மேலே ஏறி மட்டம் சரியானதும் மறுபடி அணைத்தார். இப்படி ஐந்து தடவை. ஐந்தாவது தடவை தரையில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, ஸ்டாண்டுக்கு அடியில் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தார். கையை எடுத்துப் பார்த்தார். தூசிதான் இருந்தது.

"மதி" என்றார், போதும் என்பதை மலையாளத்தில். எழுந்து பக்கத்து அறைக்குப் போய்விட்டார்.

 அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கதவுக்குள் கையை விட்டு, ஸ்கிம்மர் கப்பைத் திருகி, ஆறு இஞ்சு தூக்கி, முன்னால் இழுத்து வெளியே எடுத்தார். ஒரு சொட்டும் சிந்தவில்லை. எனக்கு அதற்குச் சட்டையும் தரையும் தேவைப்பட்டிருந்தன.

"என்ன நாத்தம்" என்றார், ரொம்ப சந்தோஷமாக.

8. நான் கற்றது

அதற்குப் பிறகு எத்தனையோ சம்ப் செய்துவிட்டேன். மலைமேல் போடிமெட்டில் ஒரு ஹோம்ஸ்டேக்குக்கூடப் போனேன், அங்கே சில்லருக்குப் பதிலாக ஹீட்டருக்கு இடம் தேட வேண்டியிருந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் நாள் டேப்பை வெளியே எடுப்பதில்லை. இதை யார் கழுவப் போகிறீர்கள் என்று கேட்பேன். அந்த ஆளை உட்கார வைப்பேன், கையை நீட்டச் சொல்வேன். பிறகு அட்டைப்பெட்டி. சாமானின் உயரத்தோடு அதைத் தூக்கி எடுக்கிற உயரத்தையும் கூட்டுவேன். சம்ப் கதவு வழியாகப் போகவும் வரவும் வேண்டும். பம்ப் நின்றால் இறங்குகிற தண்ணீருக்கு இரண்டு மடங்கு காலி இடம் விடுவேன். ஒப்படைக்கும்போது வீட்டுக்காரர் கையாலேயே மெயினை அணைக்கச் சொல்வேன். இதையெல்லாம் நான் எங்கே கற்றேன் என்று யாராவது கேட்டால் அனுபவம் என்று சொல்லிச் சமாளித்துவிடுவேன்.

ராவுத்தர் வீட்டிலிருந்து அப்புறம் எனக்குப் போன் வரவே இல்லை. ஒரு வாரம் போனது, ஒரு மாதம் போனது. ஏதோ கெட்டுப் போய், கோபத்தில் வேறு ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள் என்றே நினைத்தேன். மூன்றாவது மாதம் மனசு கேட்காமல், அந்தப் பக்கம் வேறு வேலை இருந்த மாதிரி கடைக்குப் போய் நின்றேன்.

"அக்கா டேங்க் எப்படீங்க இருக்குது? எதாச்சும் பிரச்சனைங்களா?"

ராவுத்தர் கல்லாவிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"முன்னால நீ வர்ற நாள வெரல் விட்டு எண்ணிக்கிட்டிருப்பா. சம்முகம் வரல, சம்முகத்துக்குப் போன் போடுங்கன்னு உசிர எடுப்பா. இப்ப மூணு மாசமா உன் பேரையே எடுக்கறதில்ல."

கொஞ்சம் வலித்தது, மறைப்பானேன். டீ வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டுக் கிளம்பினேன். அந்த வீட்டில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. நான் செய்ததிலேயே உருப்படியான சம்ப் அதுதான்.